குடல் பாக்டீரியாவைப் பேணுவது எப்படி? காவிரி டெல்டா வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

குடலுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, எந்த மாத்திரையை வாங்க வேண்டும், எந்த நிறுவனத்தின் தயிர் நல்லது என்ற கேள்விகள்தாம் முதலில் வருகின்றன. நம் பெருங்குடலில் அந்த பாக்டீரியாக்கள் பிறந்த நாள் முதல் குடியேறி, ஏற்கெனவே கோடிக்கணக்கில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு நாம் அன்றாடம் உணவு போடுகிறோமா, தேவையில்லாமல் அவற்றை மருந்தால் அழிக்கிறோமா என்று பார்ப்பதே முதல் வேலை. வெளியிலிருந்து புதிதாக வாங்கி உள்ளே அனுப்புவது அதற்குப் பிறகு வரக்கூடியது, பெரும்பாலோருக்குத் தேவையே படாதது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே செல்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பகுதி வீடுகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம்.

குடலுக்குள் நடப்பது என்ன?

மனித உடலில் உள்ள பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்றும், அவற்றின் மொத்த எடை சுமார் 200 கிராம் என்றும் 2016-ஆம் ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. நம் உடலின் சொந்த உயிரணுக்களும் கிட்டத்தட்ட அதே அளவில், 30 லட்சம் கோடி என்ற கணக்கில்தான் இருக்கின்றன. இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைப்பதில்லை. சிறுகுடலில் ஓரளவே வாழ்கின்றன. மிகப் பெரும் பங்கு பெருங்குடலில்தான் இருக்கிறது.

நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்து, பருப்பின் புரதம், எண்ணெயின் கொழுப்பு ஆகியவை பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. நம் செரிமான நீர்களால் உடைக்க முடியாத நார்ச்சத்தும், செரிக்காமல் தப்பித்து வரும் ஒருவகை மாவுச்சத்தும்தான் பெரும்பாலும் பெருங்குடல் வரை போய்ச் சேருகின்றன. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கச் செய்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூன்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இவற்றுள் பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். அந்த உயிரணுக்களின் ஆற்றல் தேவையில் ஏறத்தாழ 70 சதவீதம் இதிலிருந்தே கிடைக்கிறது. இரத்தத்தில் ஓடும் சர்க்கரையை விட, நாம் செரிக்காமல் விட்ட வாழைத்தண்டின் நாரை நம்பியே அந்தச் சுவர் வாழ்கிறது.

இதைத் தவிர வைட்டமின் கே, சில பி வைட்டமின்கள் ஆகியவற்றையும் இவை தயாரிக்கின்றன. நோய்க்கிருமிகள் வந்து ஒட்டிக்கொள்ள இடமின்றிச் செய்கின்றன. எதைத் தாக்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குகின்றன. நார்ச்சத்தே இல்லாத தீவனம் கொடுத்த எலிகளில், பட்டினி கிடந்த சில பாக்டீரியாக்கள் குடல் சுவரைப் பாதுகாக்கும் சளிப் படலத்தையே தின்னத் தொடங்கியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மனநிலை, உடல் பருமன், நினைவாற்றல் என்று இப்போது சொல்லப்படும் பலவற்றுக்கும் ஆதாரம் பெரும்பாலும் எலிகளிடமிருந்தே வருகிறது; மனிதர்களில் அவை இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை. எனவே அவற்றை நம்பி இந்த வழிகாட்டியில் எந்தப் படியையும் சேர்க்கவில்லை.

முதல் படி: ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் சாப்பிட்டதையும், மலம் கழித்த நேரத்தையும், அதன் தன்மையையும் ஒரு தாளில் குறித்து வாருங்கள். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரிக்கும் பிரிஸ்டல் அட்டவணை 1997-இல் இருந்து உலகெங்கும் மருத்துவர்களிடம் புழக்கத்தில் உள்ளது. ஆட்டுப் புழுக்கை போல் தனித்தனியாகக் கெட்டியாக இருப்பது முதல் வகை. வெறும் தண்ணீராகப் போவது ஏழாம் வகை. மேற்பரப்பில் லேசான வெடிப்புகளுடனோ வழவழப்பாகவோ நீளமாக இருக்கும் மூன்றாம், நான்காம் வகைகள் இயல்பானவை. தினமும் ஒருமுறைதான் போக வேண்டும் என்பதில்லை. ஒரு நாளில் மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை இயல்பின் எல்லைக்குள் அடங்கும்.

இந்தத் தாளில் பல வீடுகளில் தெரியவரும் செய்தி ஒன்றுதான். காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சாம்பார் ரசத்துடன் சோறு, இரவு மீண்டும் தோசை அல்லது சோறு என்று, தீட்டிய அரிசியே மூன்று வேளையும் வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டிருக்கும்.

இரண்டாம் படி: நார்ச்சத்தைக் கணக்குப் பார்த்துக் கூட்டுங்கள்

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கறி, பழங்களும் சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. நம் தட்டில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். தீட்டிய பச்சரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. ஒருவர் ஒரு நாளில் 300 கிராம் அரிசியைச் சோறாகவும் மாவாகவும் சாப்பிட்டாலும் சுமார் 8 கிராம்தான் கிடைக்கும். முழுப் பச்சைப்பயறு 100 கிராமிலோ ஏறத்தாழ 17 கிராமும், தோலுடன் கூடிய முழு உளுந்தில் ஏறத்தாழ 20 கிராமும் இருக்கின்றன. தோல் நீக்கிய வெள்ளை உளுத்தம்பருப்பில் அது 12 கிராமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 50 கிராம் பச்சைப்பயறைச் சுண்டலாக்கினால் ஓர் 8 கிராம், மதியமும் இரவும் தாராளமாக வைத்துக்கொள்ளும் கீரை, காய், ஒரு கொய்யாப்பழம் ஆகியவற்றிலிருந்து 10 கிராம் அல்லது அதற்கும் மேல் என்று கூட்டினால் 25 கிராமைத் தொட்டுவிடலாம். சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. தட்டில் அதன் பரப்பைக் கொஞ்சம் குறைத்துக் கூட்டுக்கும் பொரியலுக்கும் இடம் விட வேண்டும்.

இதற்கான பொருள்கள் டெல்டாவில் கைக்கெட்டும் தூரத்தில் விளைகின்றன என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. சம்பாவும் தாளடியும் அறுவடைக்கு நிற்கும் தை மாதத்தில், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது இங்குள்ள வழக்கம். நெல் அறுத்த தாள்களுக்கு நடுவே அவை பனி ஈரத்திலேயே முளைத்து வளர்ந்து, பங்குனி சித்திரையில் காய்த்துவிடும். அப்படி விளைந்த பயறு மூட்டையாக வியாபாரியிடம் போய்விடுகிறது. விளைந்த வீட்டில் பயறு சமைப்பது வாரத்துக்கு ஒருமுறையாகச் சுருங்கிவிடுகிறது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கும்பகோணத்துக் கடப்பாவில் பாசிப்பருப்பு உண்டு என்பது ஆறுதலான செய்தியே. ஆனால் தோல் நீக்கிய பருப்பை விட முழுப் பயறே பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. இட்லி மாவுக்குத் தோல் உளுந்தை ஊறவைத்து, தோலைக் கழுவித் தள்ளாமல் அப்படியே அரைக்கலாம். இட்லி சற்றுச் சாம்பல் நிறமாக வரும், சுவை குறையாது. உளுந்தங்களியையும் தோலுடன் அரைத்த மாவில் கிளறலாம்.

அடுத்தது வாழை. திருச்சியிலிருந்து திருவையாறு, கும்பகோணம் வரை காவிரிக் கரையோரம் வாழைக்குப் பஞ்சமில்லை. தண்டு, பூ, காய் என்று மூன்றும் மூன்று விதத்தில் பயன்படுகின்றன. தண்டிலும் பூவிலும் நார் மிகுதி. மொந்தன் போன்ற பச்சை வாழைக்காயில் செரிக்காத மாவுச்சத்து மிகுதி. வேகவைக்கும்போது அது குறைந்து, ஆறியபின் ஓரளவு மீள்கிறது. காய் பழுக்கப் பழுக்க அந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுவதால், பழத்துக்கு வேறு நன்மைகள் இருந்தாலும் இந்த நன்மை குறைந்துவிடும். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, அவரை, கொத்தவரை, வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்து வர வேண்டும். ஒவ்வொரு பாக்டீரியா இனமும் ஒவ்வொரு வகை நாரையே விரும்புவதால், ஒரே காயை நிறையச் சாப்பிடுவதை விடப் பல காய்களைச் சிறிது சிறிதாகச் சாப்பிடுவது மேல்.

அரிசியைப் பொறுத்தவரை, புழுங்கலரிசியில் நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்களின் ஒரு பகுதி உள்ளே இறங்கிவிடுவதால், தீட்டிய பச்சரிசியை விட அது ஒருபடி மேலானது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி போன்ற பாரம்பரிய ரகங்களை, திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன் போன்றோர் மீண்டும் வயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் நன்மை பெரிதும் தவிட்டில்தான் இருக்கிறது; வெள்ளை வெளேரென்று தீட்டி வாங்கினால் பெயருக்கு மட்டுமே பாரம்பரியம். விலை கட்டுப்படாதவர்கள் வருந்த வேண்டாம், ஒரு கைப்பிடி பயறு அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. நார்ச்சத்தை ஒரே நாளில் இரட்டிப்பாக்கினால் வயிறு உப்பி, வாயு பிரிந்து, இது நமக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடத் தோன்றும். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள். பயறை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். தண்ணீர் குடிப்பதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இல்லையேல் மலச்சிக்கல் இன்னும் இறுகும்.

மூன்றாம் படி: பழையதை முறையாகச் செய்யுங்கள்

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள் தூக்குவாளியில் கொண்டுபோன பழையதும் நீராகாரமும் இப்போது நட்சத்திர ஓட்டல்களின் காலைப் பட்டியலுக்கு வந்துவிட்டன. பெருமை இருக்கட்டும், செய்முறையில் கவனம் இருந்தால்தான் அது நன்மை தரும். வெந்த சோற்றை வெளியில் அப்படியே போட்டுவைத்தால், வேகும் சூட்டிலும் சாகாத பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கக்கூடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. பழையதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு புளிக்கச் செய்வதால், அந்த அமிலத்தில் மற்றவை தழைக்க முடிவதில்லை. எனவே புளிப்பு விரைவாக ஏறச் செய்வதுதான் செய்முறையின் உயிர்.

மண்சட்டியை முதல் நாளே வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். சட்டியின் நுண்துளைகளில் தங்கும் பாக்டீரியாக்களும் அடுத்த முறை புளிப்புக்கு உதவுகின்றன என்பதால், சோப்புத் தூள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தேங்காய் நாரே போதும். கஞ்சி வடித்த புழுங்கலரிசிச் சோறு இதற்கு ஏற்றது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிஞ்சியதை எடுத்து வைப்பதை விட, தட்டில் பரிமாறுவதற்கு முன்பே வேண்டிய சோற்றைச் சுத்தமான கரண்டியால் தனியாக எடுத்துவிடுவது நல்லது. கை பட்ட சோறு, குழம்பு கலந்த சோறு, நெடுநேரம் திறந்து கிடந்த சோறு ஆகியவற்றைச் சேர்க்கக் கூடாது. சூடு தணிந்தவுடன், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரை, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். குழாயில் வரும் குளோரின் கலந்த தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது குளோரின் போய்விடும் என்பது இதிலுள்ள இன்னொரு நன்மை. முந்தைய நாள் நீராகாரம் அல்லது புளித்த மோர் ஒரு தேக்கரண்டி விட்டால் புளிப்பு சீக்கிரம் தொடங்கும். வெள்ளைத் துணியாலோ தட்டாலோ மூடி, அடுப்பின் சூடு படாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

சித்திரை வைகாசியில் எட்டு மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் ஆகும். மூடியைத் திறந்தவுடன் இளம்புளிப்பு வாசம் வர வேண்டும், ஓரங்களில் சிறு குமிழிகள் நிற்கும், பருக்கை மென்மையாக இருந்தாலும் உருக்குலையாமல் இருக்கும். நூல் நூலாக இழுபடும் கொழகொழப்பு, அழுகல் நாற்றம், இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் படிவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். உப்பை இரவில் போடாமல் காலையில் போட்டுப் பிசையுங்கள். பிசையும் கை சோப்புப் போட்டுக் கழுவிய கையாக இருக்கட்டும். மோர், நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்துக் காலையிலேயே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். நீராகாரத்தைக் கீழே கொட்டாதீர்கள். நல்ல பாக்டீரியாக்கள் அதிலும் இருக்கின்றன.

இங்கே இரண்டு மிகைப்பேச்சுகளை விலக்கிவிடலாம். சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது என்பது உண்மை. 100 கிராம் சுடுசோற்றில் 1 கிராமுக்குக் குறைவாக இருக்கும் அது, ஆறியபின் 1 முதல் 2 கிராம் வரை உயர்கிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் பழையது என்பதற்காக அளவு பார்க்காமல் சாப்பிட இதில் இடமில்லை. அடுத்து, ஓரிரவு ஊறிய சோற்றில் இரும்புச்சத்து 3.4 மில்லிகிராமிலிருந்து 73.91 மில்லிகிராமாக உயர்கிறது என்ற கணக்கு கைப்பேசிகளில் பல ஆண்டுகளாகச் சுற்றுகிறது. இரும்பு ஒரு தனிமம். நொதித்தலால் அது புதிதாக உருவாகாது. புளிக்கும்போது, இரும்பைப் பிடித்துவைத்து உறிஞ்சவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் குறைவதால் இருக்கிற இரும்பு சற்று எளிதாக உறிஞ்சப்படலாம் என்று சொன்னால் மட்டுமே அது சரி.

நான்காம் படி: எது உயிருள்ளது, எது இல்லை என்று பிரித்தறியுங்கள்

இட்லி மாவு பொங்குவது லூக்கோனாஸ்டாக் உள்ளிட்ட பாக்டீரியாக்களால்தான். ஆனால் இட்லிப் பானையின் ஆவியில் அவை இறந்துவிடுகின்றன. புளித்த மாவு எளிதில் செரிக்கும், சத்தும் கூடும். எனினும் இட்லியால் உயிருள்ள பாக்டீரியா குடலுக்குப் போகும் என்று எண்ணுவது தவறு. தயிரில் ஊறவைத்துக் காயவைக்கும் தஞ்சாவூர்க் குடைமிளகாயும் எண்ணெயில் பொரியும் நொடியில் வெறும் சுவைப்பொருளாகிவிடுகிறது. கொதிக்கவிட்ட மோர்க்குழம்பும் அப்படியே. உயிருடன் வயிற்றுக்குள் போவது தயிர், மோர், நீராகாரம், உப்புநீரிலேயே ஊறிய மாவடு போன்றவை. மாவடுவில் உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மோருக்குத் தாளிப்பதானால், தாளிப்பை ஆறவிட்டுச் சேருங்கள்.

தயிர் உறையூற்றப் பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் வைத்தால் இதமாகச் சுடும் வரை ஆறவைத்து, நேற்றைய தயிரில் ஒரு சிறு கரண்டி விட்டுக் கலக்கினால் போதும். மார்கழியில் உறையவில்லை என்றால் பாத்திரத்தை அரிசிக்குள் புதைத்து வையுங்கள். பால் குடித்தால் வயிறு பொருமுகிற பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸின் ஒரு பகுதியை பாக்டீரியாக்களே தின்றுவிடுவதும், மீதியைக் குடலில் உடைக்க உதவுவதும் காரணம்.

நொதித்த உணவுகளின் பயனுக்கு மனிதர்களிடமே எடுத்த ஆதாரமும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 36 பெரியவர்களில் ஒரு பிரிவினர் 10 வாரங்கள் நொதித்த உணவுகளை நிறையச் சாப்பிட்டபோது, குடல் பாக்டீரியாக்களின் வகைகள் கூடி, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பல புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்தை மட்டும் கூட்டிய மற்றப் பிரிவினரிடம் அந்தக் குறுகிய காலத்தில் வகைகள் கூடவில்லை. ஆள் எண்ணிக்கை சிறியது என்றாலும், இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

ஐந்தாம் படி: ஆன்டிபயாடிக் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்

மேலே சொன்ன உழைப்பு அனைத்தையும் சில நாள்களில் கலைத்துவிடக்கூடியது தேவையற்ற ஆன்டிபயாடிக். ஐப்பசி கார்த்திகை மழையில் காய்ச்சலும் சளியும் வந்தால், மருந்துக் கடையில் நோயைச் சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கி விழுங்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. சளிக்காய்ச்சல்களில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. அவற்றில் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது, ஆனால் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைக் கொல்லும். அட்டையின் பின்புறம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை வாங்கக் கூடாது என்று பொருள். செட்டாகப் பிரித்துத் தாளில் மடித்துக் கொடுக்கும்போது அந்தக் கோடு நம் கண்ணில் படுவதே இல்லை. எனவே அட்டையோடு கேட்டு வாங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று முடிவு செய்துவிடுவதும் ஆபத்து. சேற்றில் இறங்கி வேலை செய்பவர்களுக்கு வரும் எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கக்கூடியது. அதற்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மருந்தைக் காலத்தில் தொடங்கியாக வேண்டும். வயலில் நின்றவருக்குக் கடுங்காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால், அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கை அவர் சொன்ன நாள்கள் வரை சாப்பிடுங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை பாலிலும் தயிரிலும் உள்ள கால்சியத்துடன் ஒட்டிக்கொள்வதால் மருந்தின் வேகம் குறையும். மாத்திரைக்கும் மோருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். மருந்து முடிந்தபின் வழக்கமான காய், பயறு, மோர் உணவுக்குத் திரும்பினால் போதும். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு, உயிருள்ள நல்ல பாக்டீரியாக்களை அடைத்து விற்கும் புரோபயாடிக் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்த பாக்டீரியாக்கள் மீண்டு வரத் தாமதமானதை 2018-இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் தாமாகவே தொடர்பவர்களும் இங்கு கவனிக்க வேண்டும். இரைப்பை அமிலம் குறைந்தால், அது கொன்றிருக்க வேண்டிய கிருமிகள் உள்ளே இறங்குகின்றன. தேவை இன்னும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: வயிற்றுப்போக்கின்போது

மழைவெள்ளம் வடியும் நாள்களில் குடிநீரைக் குமிழிகள் பொங்கும்படி ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு தொடங்கினால் முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல்தான், ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போடக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரையை 10 முதல் 14 நாள் வரை, போக்கு நின்ற பிறகும், தொடர வேண்டும். அதற்குக் குறைந்த வயதினருக்கு 10 மில்லிகிராம். இவை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன.

குடல் பாக்டீரியா எவ்வளவு நேரடியாக உதவும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் குழுவினரும் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலுடன் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பெருங்குடல் பாக்டீரியா அதைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலமாக மாற்ற, அந்த அமிலத்தின் துணையோடு குடல் உப்பையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சியது. போக்கின் அளவும் கால நீளமும் குறைந்தன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. அதில் பயன்பட்டது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மாவு என்பதால், வீட்டில் ஓ.ஆர்.எஸ். கரைசலில் எதையும் கலக்காதீர்கள். கரைசலைத் தனியாகக் கொடுத்து, உணவாகக் குழைந்த சோறு, மோர், வேகவைத்து மசித்த வாழைக்காய் ஆகியவற்றைக் கொடுத்தால் போதும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில்

தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவை குழந்தைக்காக அன்றி, அதன் குடலிலுள்ள பிஃபிடோ பாக்டீரியாவுக்காக இருப்பவை. அந்த பாக்டீரியாவை 1899-இல் ஆன்றி திசியே என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்திலிருந்துதான் கண்டெடுத்தார். ஆகவே பிறந்தவுடன் சீம்பாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சேனை வைப்பது என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவுவதையும், கழுதைப்பால் புகட்டுவதையும் பெரியவர்களிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்திவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பதால் பொட்டுலிசம் என்னும் ஆபத்தான நோய் வரக்கூடும்.

கடையில் விற்கும் புரோபயாடிக் யாருக்கு?

ஒடிசாவில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் இனத்தின் ஒரு குறிப்பிட்ட வகையை, அதற்கு உணவாகும் ஒரு நார்ச்சத்துடன் ஏழு நாள் கொடுத்தபோது, இரத்தத்தில் கிருமி பரவுவதும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. 2017-இல் வெளியான இந்த முடிவு புரோபயாடிக்கின் ஆற்றலைக் காட்டுகிறது. அதே சமயம் அந்த ஆற்றல் அந்த வகைக்கும், அந்த நோய்க்கும், அந்த வயதுக்கும் மட்டுமே உரியது. பெயர் தெரியாத பத்து இனங்களைக் கலந்த பொடிக்கு அது பொருந்தாது. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரும்பாலான வயிற்றுக் கோளாறுகளுக்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட நாள்களுக்கு எழுதித் தந்தால் சாப்பிடுங்கள். மலத்தை அனுப்பிப் பாக்டீரியாப் பட்டியல் பெறும் பரிசோதனைகளுக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுப்பது இப்போதைக்கு வீண் செலவு. அந்தப் பட்டியலைக் கொண்டு சிகிச்சையை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை.

யார் விலகி நிற்க வேண்டும்?

புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோர் பழையதையும் புரோபயாடிக்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. உயிருள்ள பாக்டீரியா அவர்களுக்கு நோயாகவே மாறலாம். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் வாழைத்தண்டு, கீரை, பயறு ஆகியவற்றின் அளவை உணவியல் வல்லுநரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், இரத்தசோகை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும், மோரையும் பயறையும் நம்பிக் காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் இரைப்பைக் குடல் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.